ஏழாம் இணைப்பின் சோதனைத் தாள்

மார்ச் 3

அன்புள்ள அப்பாவுக்கு,

நாங்கள் நலம். நீங்கள் வெளிநாடு போய் எட்டு மாதத்தில் நாலே கடிதம்! அறிவியல் கண்காட்சிக்கு உங்கள் தொழிலையே எடுத்திருக்கிறேன்: உயர் மின்னழுத்தக் கேபிளின் பிளாஸ்டிக் உறை எப்படிக் கெடுகிறது? மாமாவைக் கேட்டால், “கேபிளோட ஏழாம் இணைப்பைப் பிரிச்சுக் கெடுத்து வெடிக்க வெச்சவன்னு என்னை வேலையை விட்டே தூக்கிட்டாங்க. அதைச் சோதனை பண்ணின உங்கப்பாவையே கேளுடி” என்கிறார். அம்மா இன்னும் தன் அண்ணனோடு பேசுவதில்லை. “விசாரணையில உங்கப்பா பொய் சொல்வாரா?” என்கிறாள்.

உங்கள் மகள்


மார்ச் 19

என் புத்தகப் பூச்சிக்கு,

உறைக்குள் கண்ணுக்குத் தெரியாத காற்றுக்குமிழி ஒன்று போதும். மின்னழுத்தம் ஏறும்போதெல்லாம் அதற்குள் குட்டிப் பொறிகள் வெடித்துச் சுவரை அரிக்கும். அரிப்பு மரம்போலக் கிளைவிடும். வெளியே உறை புதிதாகவே பளபளக்கும். ஒருநாள் மொத்தமும் வெடிக்கும். சோதனை வரைபடத்தில் முன்பே பிடித்துவிடலாம்: பக்கத்து இயந்திரங்களின் வெளி இரைச்சல் புள்ளிகளாகக் கண்டபடி சிதறும், குமிழிப் பொறிகள் ஒவ்வொரு மின் அலையிலும் அதே இடத்தில் கூட்டமாக நிற்கும். பரிசு வாங்கிவிட்டு எழுது.

முத்தங்களுடன், அப்பா


ஏப்ரல் 2

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்கள் விட்டுப்போன பழைய சோதனைத் தாள்களின் பின்பக்கத்தில்தான் கணக்குப் போடுகிறேன். நேற்று ஒன்றைத் திருப்பினேன். ஏழாம் இணைப்பு. ஒவ்வொரு அலையிலும் அதே இடத்தில் புள்ளிக்கூட்டம். கீழே உங்கள் கையெழுத்தில், “வெளி இரைச்சல். தேறியது.”

நான் தப்பாகப் பார்க்கிறேனா? தேறிய இணைப்பை மாமா பிறகு பிரித்தார் என்றுதானே விசாரணையில் சொன்னீர்கள்? அவர் தொடவே இல்லை என்று அழுதாரே! அலுவலகத்துக்கு நீங்களே எழுதிவிடுங்கள், அப்பா. மாமாவின் மேல்முறையீட்டுக் கெடு இந்த மாதத்தோடு முடிகிறது.

உங்கள் மகள்


ஏப்ரல் 15

குட்டி,

அன்று சோதிக்க ஒன்பது இணைப்புகள். மாலைக்குள் மின்சாரம் விட்டாக வேண்டும் என்று மேலாளர் கழுத்தில் உட்கார்ந்திருந்தார். உனக்குப் புரியாது. மச்சானுக்கு வேறு வேலை கிடைக்கும். இந்த விஷயம் இங்கே தெரிந்தால் என் கையெழுத்தை எவன் நம்புவான்? தாளை உடனே எனக்கு அனுப்பு. அம்மாவிடம் மூச்சுவிடாதே.

அப்பா


ஏப்ரல் 29

அப்பாவுக்கு,

தாளை மாமாவிடம் கொடுத்துவிட்டேன், உங்கள் இரண்டு கடிதங்களோடு. “அவருக்கு அப்பவே தெரியுமாடி?” என்று மட்டும் கேட்டார். மேல்முறையீட்டு மனுவை அவர் வீட்டில் அவர் சொல்லச் சொல்ல நான்தான் எழுதினேன்.

அம்மாவிடம் நானாகச் சொல்லவில்லை. நம் வீட்டில் மனுவுக்கு நகல் எடுக்கும்போது என்ன எழுதுகிறாய் என்று கேட்டாள், காட்டினேன். செருப்புகூடப் போடாமல் அண்ணன் வீட்டுக்கு ஓடினாள். திரும்பி வந்ததும், உங்களுக்கு அவள் சார்பில் என்ன எழுத என்று கேட்டேன்.

“ஒண்ணும் எழுதாதே” என்றாள்.

இதைத் தபாலில் போட்டதும் நானும் எழுதுவதை நிறுத்திக்கொள்கிறேன்.