திறந்து பார்க்கக்கூடிய பெட்டி

உன் கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றியதும், சூடேறிய தூசியும் கடல் உப்பும் கலந்த அந்த வாசனை வந்தது. கூடவே கோபமும் வந்தது. உன் முப்பத்தொன்றாம் நாள் காரியம் முடிந்த மறுவாரம் உன் மனைவி இதை என்னிடம் தந்தாள். "அண்ணா, நீங்களே கொண்டு போங்கோ. இவர் ஒழுங்காப் பார்த்த ஒரே சாமான் இதுதான்" என்றாள். அவளுக்கும் கோபம்தான்.

வெள்ளவத்தைக் கடற்காற்று எதையும் விட்டுவைப்பதில்லை. என் விளையாட்டுக் கொன்சோலும் உன் கணினியும் அதே உப்பைத்தான் தின்றன. நீ மாதம் தவறாமல் கணினியைத் திறந்து, பெயின்ட் பிரஷால் உள்ளே தட்டுவாய். நான் சோபாவில் சாய்ந்தபடி பார்ப்பேன்.

"நீ விளையாடுறதை விடத் துடைக்கிறதுதான் கூட, மச்சான். நான் பட்டனை அமத்தினாச் சரி."

"உன்ர பெட்டி உன்ர வீட்டில இருக்கு. ஆனா திறந்து பார்க்கேலாது, அது உன்ர இல்லை."

அது எனக்கு எரிச்சலூட்டும். கொன்சோல் நிறுவனத்தின் பட்டியலில் நம் நாடே கிடையாது. ஆகவே இந்த ஊரில் பலரும் செய்வதுபோல, லண்டன் பெரியம்மாவின் முகவரியைக் கொடுத்துக் கணக்குத் திறந்தேன். கொத்து ரொட்டி தின்றுகொண்டே பல ஆண்டுகள் லண்டன்வாசியாக விளையாடினேன்.

சில மாதங்களுக்கு முன் என் கொன்சோல் துருப்பிடித்து நின்றது. புதிதாக ஒன்று வாங்கி என் கணக்கைத் திறக்கப் போனால், பெரியம்மா எப்போதோ கைவிட்ட தொலைபேசிக்கு இரகசிய எண் அனுப்பியிருப்பதாகச் சொன்னது. நிறுவனத்துக்கு எழுதினேன். நான் வசிக்கும் நாட்டில் தங்களுக்குச் சேவை இல்லை என்றும், என் நாள் இனிதாக அமையட்டும் என்றும் பதில் வந்தது. நான் காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுகள் எல்லாம் லண்டனில் நலமாக இருக்கின்றன.

அந்த நிறுவனத்தை மன்னித்துவிடலாம். அது என் நண்பன் இல்லை.

கணினியில் சூடு கொஞ்சம் ஏறினாலே ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஸ்குரூ டிரைவரை எடுப்பவன் நீ. நெஞ்சு இறுக்குது என்று நீ சொன்ன அன்று, ஆஸ்பத்திரிக்குப் போவோம் என்றேன். "சும்மா காஸ், மச்சான். ஒரு சோடா குடிச்சாப் போகும்" என்றாய். உன்னைத் திறந்து பார்க்க மட்டும் எவரையும் விடவில்லை. நீ ஆயுள் முழுக்க ஏளனம் செய்த என் கொன்சோலைப் போலவே, இறுக மூடிக்கொண்டு நின்றுபோனாய்.

உன் கணினி முதல் தடவையிலேயே இயங்கியது. கிரிக்கெட் ஆட்டத்தைத் திறந்தேன். உலக வீரர்களின் பெயர்களை அழித்துவிட்டு நம் ஒழுங்கையில் குடியிருப்பவர்களை அணியில் சேர்த்திருந்தாய். அணித் தலைவர் நீ. விக்கெட் காப்பாளர், நம் மரக்கறிக் கடைக்காரர். நான் பன்னிரண்டாவது ஆள், தண்ணீர் கொண்டுவருபவன். இதை ஒருநாளும் நீ என்னிடம் சொல்லவில்லை.

ஒரு நிமிடத்தில் மாற்றிவிடலாம். உன் பெயரைத் தூக்கிவிட்டு நானே தலைவனாகலாம். தடுக்க இதில் எந்தப் பூட்டும் இல்லை. நான் மாற்றவில்லை.

மாதம் ஒருமுறை உன் பிரஷால் தூசி தட்டுகிறேன். சனிக்கிழமைகளில் உன் பெயரில் கணினி துடுப்பெடுத்தாடுகிறது. நீ ஆட்டமிழக்கும்போது, "நல்லா வேணும் உனக்கு" என்று வாய்விட்டே சொல்கிறேன். பிறகு, நீ ஆட்டமிழப்பதற்குச் சற்று முன்னால் சேமித்த இடத்துக்குப் போய், அங்கிருந்து திரும்பத் தொடங்குகிறேன்.