கசிந்த மயில்கொன்றை

சனிக்கிழமை, இரவு

மரம் நிற்கிறது. இதை எழுதிவிட்டுத் தூங்கலாம்.

அடையாறில் எங்கள் குடியிருப்பின் வாசலில் உள்ள மயில்கொன்றையை இன்று அடியோடு வெட்டுவதாக இருந்தது. ஒரு கிளைக் கவட்டிலிருந்து புளித்த மாவு நாற்றத்தோடு நீர் வடிந்துகொண்டே இருந்தது. கோடைக்குப் பிறகு கீழ்வீட்டுக்குக் குடிவந்த நூர்ஜஹானால் ஜன்னலைத் திறக்க முடியவில்லை. அவள் புகார் நியாயமானதுதான்.

கல்லூரியில் தாவரவியல் நடத்தியவள் நான். இது பாக்டீரியாவின் வேலை. மருந்து கிடையாது, ஆனால் இதனால் மட்டும் மரம் சாகாது. அடிமரத்தைத் தட்டிப் பார்த்தேன், கெட்டியாக இருந்தது. "காய்ஞ்ச கிளையை மட்டும் எடுப்போம். ஒரு மழைக்காலம் பொறுத்துப் பாரும்மா" என்றேன்.

நூர்ஜஹான் யோசித்தாள். "சரி ஆன்ட்டி. நாத்தம் போவலேன்னா நானே ஆள் கூட்டினு வருவேன்."

ஒவ்வொரு வெட்டுக்கும் ரம்பத்தை ஸ்பிரிட்டால் துடைக்கச் சொன்னதும் மரம் வெட்ட வந்த ஏழுமலை சிரித்தார். "இன்னாம்மா, மரத்துக்கு ஆபரேசனா?"

"ஆமாங்க. துடைக்கலேன்னா நோய் ரம்பத்தோட அடுத்த கிளைக்குப் போயிடும்."

பிறகு அவரே பஞ்சு கேட்டு வாங்கிக்கொண்டார். வடிந்த கசிவை நானும் நூர்ஜஹானும் தேய்த்துக் கழுவினோம். வேருக்குத் தண்ணீர் இறங்கட்டும் என்று மரத்தடியை இறுக்கியிருந்த சிமென்டையும் ஏழுமலையை வைத்து உடைத்தோம்.

மழையில் மறுபடி கசியலாம். அப்போது பார்த்துக்கொள்ளலாம்.

கை கழுவும்போது நூர்ஜஹான் அண்ணாந்து பார்த்து, "இது இன்னா கலர்ல பூக்கும் ஆன்ட்டி?" என்று கேட்டாள்.

"சித்திரையில நீயே பாரு" என்றேன்.