அண்ணன் ஜீப்புக்கு நான் எடுத்துக் கொடுத்த சிலிண்டர்

என் உசுருக்கு உசுரான அண்ணே,

மலையடிவாரத்தில் முந்தல் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மதினி வேலைக்குப் போன ஜீப்பு இன்னும் மலையிலிருந்து இறங்கவில்லை. அதற்காகத்தான் கடையைப் பூட்டிவிட்டு இங்கே வந்து காத்துக்கிடக்கிறேன்.

ஜீப்போடு பள்ளத்தில் விழுந்து நீ போய் ஆறு மாதம் ஆகிறது. வயிற்றுப்பாட்டுக்கு மதினி ஏலத்தோட்ட வேலைக்குப் போகிறாள். சிலமலை ஊர்ப் பொம்பளைகள் பத்துப் பேரோடு முருகேசன் ஜீப்பில் காலையில் ஏறி, சாயங்காலம் இறங்குவாள். உன் பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். "வண்டி ஓட்டும்போது தூங்குன மனுசனுக்கு என்னத்தப் பேச" என்று என்னிடமே சொன்னாள்.

நீ தூங்கவில்லை அண்ணே. அது எனக்குத் தெரியும். எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்தப் பழைய ஜீப்புக்கு முன்சக்கரத்தில் டிஸ்க் பிரேக் மாட்டப்போவதாக, ஸ்பேர்பார்ட்ஸ் கடை வைத்திருக்கும் என்னிடம் வந்து நின்றாயே, ஞாபகம் இருக்கிறதா? கூட ஒரு பூஸ்டரும் வாங்கினாய். மிதித்ததும் பிரேக்குக்கு எண்ணெயைத் தள்ளுகிற மாஸ்டர் சிலிண்டர் மட்டும் பாக்கி. நான் இரண்டு எடுத்து மேசையில் வைத்தேன். ஒன்று சின்ன சைஸ். மிதி கொஞ்சம் ஆழமாகப் போகும், ஆனால் வெறும் கால் பலத்துக்கே பிரேக் பிடிக்கும். இன்னொன்று பெரிய சைஸ். லேசாக மிதித்ததுமே கல்லு மாதிரி நிற்கும், ஆனால் அதற்கு வேண்டிய பலத்தைப் பூஸ்டர்தான் கொடுக்க வேண்டும்.

"மிதி உள்ள போனா எனக்கு வயித்தக் கலக்கும்த்தா. கல்லு மாதிரி நிக்கிறதக் கொண்டா" என்றாய். நானும் பெரியதையே கட்டிக் கொடுத்தேன். பூஸ்டர்தான் இருக்கிறதே என்று நினைத்தேன்.

பூஸ்டர் எஞ்சின் ஓடினால்தான் வேலை செய்யும். எஞ்சினை அணைத்துவிட்டால் இரண்டு மிதி, மிஞ்சிப்போனால் மூன்று மிதி. அதற்கப்புறம் யானை மிதித்தாலும் பத்தாது. இது எனக்குத் தெரியும். மலையிலிருந்து இறங்கும்போது நீங்கள் எல்லோரும் சாவியைத் திருகி எஞ்சினை அணைத்துவிட்டு, நியூட்ரலில் உருட்டியே முந்தல் வந்து சேருவீர்கள் என்பதும் எனக்குத் தெரியும். இறக்கத்தில் டீசல் எரிப்பவனை ஜீப்பு ஸ்டாண்டில் என்ன கேலி பேசுவீர்கள். உன் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து நானே எத்தனை தடவை அப்படி இறங்கி வந்திருக்கிறேன். பழைய பிரேக்கில் பூஸ்டரே கிடையாது, அதனால் எஞ்சின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் மிதி ஒன்றுதான். உனக்குப் பழக்கம் அது. புது சாமானை விற்ற நான் அல்லவா சொல்லியிருக்க வேண்டும்? "அண்ணே, இனிமே அணைச்சுப்போட்டு எறங்காத" என்று சொல்ல ஒரு நிமிசம் ஆகுமா?

பள்ளத்திலிருந்து ஜீப்பைத் தூக்கி வந்ததும் பார்க்கப் போனேன். மெக்கானிக் மிதியை அமுக்கிப் பார்த்தார். "எங்கயும் ஒழுகல, மிதி கல்லு கணக்கா நிக்கிது. பிரேக்கு பக்கா. ஆளுதான் அசந்துட்டாரு" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் சாவியைப் பார்த்தேன். அணைத்த நிலையில் இருந்தது. கியர் நியூட்ரலில் கிடந்தது. அந்த இடத்திலேயே எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. சொன்னால் மதினி என் முகத்தில் முழிப்பாளா என்ற பயத்தில் பேசாமல் வந்துவிட்டேன். அன்றைக்கு நீ எத்தனை வளைவுக்கு அந்தக் கல்லை மிதித்துக்கொண்டே வந்தாயோ.

இன்றைக்கு மத்தியானம் ஸ்டாண்டிலிருந்து ஒரு டிரைவர் கடைக்கு வந்தார். "பாண்டி அண்ணனுக்குக் குடுத்தீகள்ல, அதே சிலிண்டர் ஒண்ணு குடுங்கக்கா." ஸ்டாக் இல்லை என்றேன். அவர் சிரித்தார். "அப்ப நானும் மதுரைக்குத்தான் போகணுமா? முருகேசன் அங்க பூஸ்டரோட சேத்து வாங்கி நேத்துத்தான் மாட்டுனான். மிதி அப்படி நிக்கிதாம். காலைல ஆளேத்திட்டு மலைக்குப் போயிட்டான்."

முருகேசனுக்கும் மதினிக்கும் மாற்றி மாற்றிப் போன் போட்டேன். தோட்டத்தில் சிக்னல் எங்கே கிடைக்கிறது. பஸ்சு பிடித்து இங்கே வந்தேன். மலை உச்சியில் இருக்கிற மேட்டு செக்போஸ்ட்டில் மறிக்கச் சொல்லலாம் என்றால், அந்தத் தோட்டத்துப் பாதை செக்போஸ்ட்டுக்குக் கீழேதான் ரோட்டில் சேருகிறது. மேலே போன பஸ்சின் கண்டக்டரிடம், "முருகேசன் ஜீப்பப் பாத்தா எஞ்சின அணைக்காம கியர்ல எறங்கச் சொல்லுங்கண்ணே" என்று கையெடுத்துக் கும்பிட்டேன். "சரிம்மா" என்றார். எங்காவது அந்த ஜீப்பைப் பார்ப்பாரா, பார்த்தாலும் நிறுத்திச் சொல்வாரா?

மணி ஐந்தாகப் போகிறது. மலையில் மேகம் இறங்கி மேல் வளைவு எதுவும் தெரியவில்லை. இதுவரை இரண்டு ஜீப்பு வந்தன. இரண்டும் சத்தமே இல்லாமல் உருண்டு வந்து என் முன்னால் நின்றன. அவற்றில் பழைய பிரேக்தான். முருகேசனைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். "பின்னாலயே வர்றான்" என்றார் ஒருவர். அவர் சொல்லி இருபது நிமிடம் ஆகிவிட்டது.

எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறேன். சத்தம் வந்தால் மதினி பிழைத்தாள். சத்தமில்லாமல் வந்தால் என்ன செய்வேன், ரோட்டில் குறுக்கே விழவா?

இனி ஒளிக்கமாட்டேன் அண்ணே, இது உனக்குக் கொடுக்கிற வாக்கு. மதினி இறங்கி வந்ததும் அவள் காலடியில் உட்கார்ந்து சொல்வேன்: எங்க அண்ணன் தூங்கல மதினி, கடைசி வரைக்கும் முழிச்சிருந்து மிதிச்சிருக்கு, மிதிச்சும் நிக்காத சாமானைக் கொடுத்தவ நான். அப்புறம் ஸ்டாண்டில் போய் ஒவ்வொரு டிரைவரிடமும் சொல்வேன். அவள் என்னை அடிக்கட்டும், காறித் துப்பட்டும். அதற்கு அவள் முதலில் இறங்கி வர வேண்டும்.

மேலே இருக்கிறாய் என்றால், முருகேசனை அந்தச் சாவியில் கை வைக்க விடாதே அண்ணே.

எல்லாம் தெரிந்தும் சொல்லாமல் இருந்துவிட்ட,
உன் கூடப்பிறந்தவள்,
சுதா