துவக்கு பார்த்த பக்கம்

மச்சாள்,

இந்தக் கிழமை பனி உருகி, கட்டடத்தின் நிலவறைக்குள் தண்ணீர் வந்துவிட்டது. எங்கள் சாமான் அறையைத் திறந்ததும் ஈரச் சீமெந்து மணம் முகத்தில் அடித்தது. நீங்கள் போன பிறகு நான் இறக்கி வைத்த உங்கள் பை நனைந்து கிடந்தது. ஒரு வருடமாகி ஆட்டத்திவசமும் முடிந்துவிட்டது, இன்னும் அதை எறிய எனக்கு மனம் வரவில்லை. அந்த மணத்துக்குள் நின்றபோது மொன்றியல், லாசால் எல்லாம் மறந்துபோய்விட்டது. மலையில் அந்தக் கோட்டைக்குள் உங்களோடு குந்தியிருந்தேன்.

உங்கள் தம்பி முன்பே மொன்றியலுக்கு வந்துவிட்டார். புதுப்பெண்ணான என்னை அவரிடம் கொண்டுவந்து சேர்ப்பது அக்காவாகிய உங்கள் பொறுப்பு. இத்தாலியிலிருந்து பிரான்சுக்கு மலையேறி நடந்தோம். ஏரிக்கு மேலே, பாதி மண்ணுக்குள் புதைந்திருந்த சீமெந்துக் கட்டடத்துக்குள் எங்களை விட்டு, இருங்கள் என்று கையால் காட்டிவிட்டு வழிகாட்டி போனான். போனவன் போனவன்தான்.

நீங்கள் சுவரைத் தட்டிப் பார்த்தீர்கள். "இது பங்கர், பிள்ளை. எங்கட பனங்குத்தி அடுக்கின பங்கர் மாதிரியில்லை, அரசாங்கம் கட்டினது." பிறகு துவக்கை நீட்டிச் சுடும் துவாரத்தால் வெளியே பார்த்தீர்கள். துவாரங்கள் எல்லாம் நாங்கள் ஏறிவந்த பக்கத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, எதிர்ப்பள்ளத்தாக்கைப் பார்த்திருந்தன. "இத்தாலிக்காரன் கட்டியிருக்கிறான். துவக்கு பாக்கிற பக்கம்தான் மற்ற நாடு. இன்னும் தாண்டேல்லை," என்றீர்கள். எனக்கு அது மிகச் சரியாகப் பட்டது.

ஷெல்லடிக்குப் பயந்து பங்கருக்குள் வளர்ந்தவர்களுக்கு அதற்குள் எப்படி இருப்பது என்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. வாசலுக்கு நேரே இருக்காமல் மூலைச் சுவரோடு ஒட்டிக்கொண்டோம். வெளியே ஆட்கள் கதைத்தார்கள், நாய் குரைத்தது. வேறு யாராவது என்றால் எட்டியாவது பார்த்திருப்பார்கள். நாங்கள் மூச்சை அடக்கினோம். சத்தம் ஓய்ந்த பிறகும் நெடுநேரம் வெளியே வரக்கூடாது என்பது ஊரில் பழகியது. சுவரெல்லாம் நீர் கசிந்தது. உங்கள் ஸ்வெட்டரைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டு, "எனக்குக் குளிரேல்லை" என்று பொய் சொன்னீர்கள். அந்த இருமல் அங்கேதான் தொடங்கியது.

மறுநாள் வெயில் ஏறிய பிறகு மலையேற வந்த வயதான கணவனும் மனைவியும் எங்களைக் கண்டார்கள். பாணும் தேநீரும் தந்து, காரில் கீழே கூட்டிப்போனார்கள். எல்லை வருகிறது என்று நீங்கள் என் தலையையும் அமத்திக்கொண்டு பின்சீற்றில் குனிந்தே வந்தீர்கள். அந்த அம்மா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

அதற்குப் பிறகு "இன்னும் தாண்டேல்லை" உங்கள் வாயில் ஒட்டிக்கொண்டது. மொன்றியல் வந்து அகதி வழக்கு வென்ற அன்றும் அதையே சொன்னீர்கள். கனடாக் கடவுச்சீட்டு வந்த அன்று நான் கேசரி கிண்டினேன். நீங்கள் பையைப் புதிதாக அடுக்கினீர்கள். ஸ்வெட்டர், ரஸ்க், டோர்ச். டவுன்டவுன் சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் நீங்கள் இத்தனை வருடம் வேலைக்கு நின்றும் அந்தப் பை கதவோரத்தை விட்டு அசையவில்லை.

"உங்களை இஞ்சயிருந்து ஆர் மச்சாள் கலைக்கப் போகினம்?" என்று பகிடி பண்ணுவேன்.

"ஆருக்குத் தெரியும்?" என்பீர்கள்.

கடைசியில் ஆஸ்பத்திரியில், மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது, "தாண்டியிட்டமோ, பிள்ளை?" என்று கேட்டீர்கள். எந்த எல்லையைக் கேட்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

இப்போது சொல்கிறேன். போன கோடையில் மகன் அந்த மலைக்குப் போனான். சின்னதிலிருந்து எங்கள் கதையைக் கேட்டவன், ஏரியையும் துவாரங்களையும் வைத்து இடத்தைக் கண்டுபிடித்துவிட்டான். வாசலில் இப்போது விளக்கப் பலகை வைத்திருக்கிறார்களாம். அங்கே நின்றே எனக்கு போன் எடுத்தான்.

"அம்மா, ரெண்டு உலக யுத்தத்துக்கும் இடையில இத்தாலி கட்டினதாம். பேந்து அவை தோத்துப்போக, எல்லையை இத்தாலிப் பக்கமாப் பின்னால தள்ளிப்போட்டினம். நீங்கள் வரேக்கையே இது பிரான்சுக்குள்ளதான்."

உங்கள் கணக்கில் பிழையில்லை, மச்சாள். கட்டியவர்களுக்கு அதுதான் கணக்கு. எல்லை எங்களுக்குச் சொல்லாமல் எழும்பிப் போயிருந்தது, அவ்வளவுதான். வந்து சேர்ந்த நாட்டுக்குள்ளேயே ஒளித்துக் கிடந்து நெஞ்சைக் கெடுத்துக்கொண்டீர்கள். நினைக்க ஆத்திரம் வருகிறது. யாரோடு கோபிப்பது என்று தெரியவில்லை. கோபிக்கவும் இப்போது களைப்பாக இருக்கிறது.

பையை எறியத்தான் மேலே கொண்டுவந்தேன். ஊறிக் கரைந்த ரஸ்க்கைக் கொட்டினேன். ஸ்வெட்டரைக் கழுவி ஹீட்டருக்குப் பக்கத்தில் காயப்போட்டேன். ஓம் மச்சாள், தாண்டியிட்டம். நீங்கள் முதன்முதலாக இல்லை என்று சொன்னபோதே தாண்டியிருந்தோம். இனியாவது நிம்மதியாகப் படுங்கள்.

நேற்று ஸ்வெட்டர் காய்ந்துவிட்டது. மடித்துப் பைக்குள் வைத்தேன். தமிழ்க் கடையில் புது ரஸ்க் வாங்கி அதன் மேலே வைத்தேன். பை இப்போது கதவோரத்தில்தான் இருக்கிறது.