கண்ணாடி அடுப்பும் உன் விண்கலமும்

அன்புள்ள சின்னவளுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகம் என்றுதான் எழுதுவாய், அதில் பாதியைத்தான் நான் நம்புவேன்.

நீ வரைந்த விண்கலம் வரும் சினிமாவை உன் அக்காவோடு போய்ப் பார்த்தேன். கடைசியில் உன் பெயர் ஓடியபோது பக்கத்து இருக்கைக்காரரிடம் என் பெண் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் மனசுக்குள் ஏதோ உறுத்தல். என் சின்ன வயதுப் படங்களில் விண்கலம் என்றால் திருகும் முள்ளும் மினுக்கும் விளக்குமாக, அப்போதைய ரேடியோப் பெட்டி மாதிரி இருக்கும். உன்னுடையது வெள்ளைவெளேர் சுவர், கைப்பிடி இல்லாத கதவு, பேருக்கு ஒரு பொத்தான்கூட இல்லாத வழவழக் கண்ணாடி. எங்கேயோ பார்த்திருக்கிறோமே என்று யோசித்தால், அக்கா நமக்குப் போட்டுக் கொடுத்த புதுச் சமையலறை, அதில் விரலால் தொட்டு ஏற்றும் கண்ணாடி அடுப்பு. நீ செல்போன் கடையைப் பார்த்துக் கலத்தைச் செய்தாயா, இல்லை அடுப்புக் கம்பெனிக்காரன் இந்த மாதிரிப் படத்தைப் பார்த்து அடுப்பைச் செய்தானா? கேட்டால் அக்கா, இப்போது எல்லாமே இப்படித்தான் என்கிறாள். எல்லோரும் ஒரே மாதிரி செய்கிறார்கள் என்றாலே எனக்குச் சந்தேகம்தான், யாருமே யோசிக்கவில்லையோ என்று.

இன்னொன்று. அந்த அடுப்பு வந்ததிலிருந்து அப்பா காலைக் காப்பி போடுவதை விட்டுவிட்டார். என்மேல் கோபமோ என்று நினைத்தேன், பிறகு சோம்பல் என்று முடிவுகட்டினேன். போன வாரம் பால் பொங்கி வழிகிறது, இவர் அடுப்பின் கண்ணாடியைக் கையால் தடவிக்கொண்டே நிற்கிறார். ஓடிப்போய் அடுப்பை அணைத்தேன். அவர் விரலெல்லாம் கொப்புளம். மருந்து போடும்போது மெல்லச் சொன்னார்: "பழைய அடுப்புல திருகு கைக்கே தெரியும். இதுல கண்ணுக்குத் தெரியணும். எனக்குக் கொஞ்ச நாளா தெரியல."

கண் மருத்துவரிடம் இழுத்துக்கொண்டு போனேன். கண்புரையாம், முற்றிவிட்டதாம், சீக்கிரம் அறுவை சிகிச்சை செய்யணுமாம். அவர் அவசரப்படுத்தியது பிடிக்காமல் இன்னொருவரிடமும் காட்டினேன். அவரும் அதையேதான் சொன்னார். அடுத்த மாதம் ஒரு கண், பிறகு மற்றது. பயப்பட ஒன்றுமில்லை என்று இருவருமே சொன்னார்கள், அதை மட்டும் நம்பியிருக்கிறேன்.

அடுத்த கலத்தில், இருட்டில் தடவினாலும் அகப்படுகிற மாதிரி ஒரு திருகாவது வை. உன் மாலுமிகளுக்கு மட்டும் வயதாகாதா என்ன?

நேரத்துக்குச் சாப்பிடு. நூறாண்டு நன்றாக இரு. அப்பா கண்ணைப் பற்றி நான் எழுதியதாகக் காட்டிக்கொள்ளாதே. உன்னிடம் தானே சொல்ல வேண்டும் என்று, நீ பயப்படாதபடி எப்படி ஆரம்பிப்பது என்று, ஃபோன் பக்கத்தில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்துக்கொண்டிருக்கிறார்.

ஆசிகளுடன்,
உன் அம்மா