முதல் பக்கத்தில் என்ன எழுதட்டும்?

ஜனவரி 8

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நன்றாக இருக்கிறேன். நீ ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் "ம்" என்று ஒரே எழுத்தில் பதில் வரும், அதனால் கேட்கவில்லை.

நீ கட்டிக்கொடுத்த இணையக் கடை நன்றாக ஓடுகிறது. போன வாரம் மட்டும் பதினொரு நோட்டு. எல்லாம் என் கையால் தைத்து, அட்டை ஒட்டி, எடைக்கல் வைத்துக் காயவிட்டு அனுப்பியவை. ஒரே ஒரு தொல்லை. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் வாங்கி முடித்த பிறகு தனியாகச் செய்தி அனுப்புகிறார்கள். "முதல் பக்கத்துல என் பொண்ணு பேரை எழுதித் தர்றீங்களா?", "எங்க சாருக்கு ரெண்டு வரி எழுதுங்களேன்." எந்தச் செய்தி எந்த ஆர்டருக்கு என்று தேடுவதற்குள் எனக்குத் தலை சுற்றிவிடுகிறது. ஒரு கல்யாணப் பெண்ணுக்கு "இனி ஓய்வெடுங்கள்" என்று எழுதி அனுப்பிவிட்டேன். சிரிக்காதே.

பணம் கட்டும் பக்கத்தில் முகவரிக்குக் கீழே ஒரு கட்டம் வைத்துக்கொடு. அதன் தலையில் "முதல் பக்கத்தில் என்ன எழுதட்டும்?" என்று போடு. எழுதினால் எழுதட்டும், இல்லாவிட்டால் காலியாக விடட்டும். கட்டாயம் என்று போட்டுத் தொலைக்காதே. எழுதியது ஆர்டர் சீட்டிலேயே எனக்கு வரவேண்டும்.

இதையெல்லாம் போனில் சொல்லக்கூடாதா என்று மறுபடி ஆரம்பிக்காதே. முந்தின வீட்டை அவர் என் போனை வைத்துத்தான் கண்டுபிடித்தார். மூன்று வருஷம் என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டு வேலைக்குப் போன மனுஷன். அந்தப் பூட்டுச் சத்தத்தை இன்னொரு தடவை கேட்க என்னால் முடியாது. கடை உன் பேரில் இருக்கட்டும், உன் கடிதம் தபாலாபீசில் நான் எடுத்திருக்கிற தபால்பெட்டிக்கு வரட்டும். ஊர் உனக்குத் தெரியும், அது போதும். வீடு உனக்குக்கூடத் தெரியவேண்டாம்.

உன் அக்கா


ஜனவரி 15

அன்புள்ள அக்காவுக்கு,

ம்.

சரி, சரி, கடிதத்தைக் கிழித்துப் போடாதே. இப்போது நிஜமாகவே நன்றாகச் சாப்பிடுகிறேன். நண்பர் ஒருவர் வந்து தங்கியிருக்கிறார். வேலை போய்விட்டது, உடம்பும் சரியில்லை, பாவம். கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகிறேன் என்றார். சமையல், பாத்திரம் எல்லாம் அவர் கையில். நான் ராஜா மாதிரி உட்கார்ந்து சாப்பிடுகிறேன்.

உன் கட்டம் தயார். கட்டம் வைப்பது ஐந்து நிமிஷ வேலை. அதில் எழுதுவதைப் பிடித்து அந்தந்த ஆர்டரோடு முடிந்து வைப்பதற்குத்தான் என் உயிர் போய்விட்டது. முதல் நாள் எழுதியதெல்லாம் எங்கேயோ காற்றில் போயிற்று, சீட்டில் ஒன்றும் வரவில்லை. இப்போது வருகிறது. நானே ஒரு நோட்டு ஆர்டர் போட்டுப் பார்த்தேன், "ஒட்டகம் வாழ்க" என்று. அதை நிஜமென்று நினைத்துத் தைத்து அனுப்பிவிடாதே.

இருநூறு எழுத்து வரைக்கும்தான் ஏற்கும். மேலே போனால் சத்தமில்லாமல் வெட்டிவிடும். நாம் "கி" என்றால் ஒரு எழுத்து, இயந்திரத்துக்கு அது இரண்டு. அதனால் இருநூறு என்பது பார்க்கத்தான் பெரிசு. உன் முதல் பக்கத்துக்கு அது தாராளம்.

ஒட்டகம்


ஜனவரி 26

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ நன்றாக இருக்கவேண்டும்! கட்டம் வந்ததிலிருந்து எனக்குப் பாதி வேலை குறைந்துவிட்டது. அதைவிடப் பெரிசு, மனசு நிறைந்துபோகிறது. ஜனங்கள் எதையெல்லாம் எழுதச் சொல்கிறார்கள் தெரியுமா! "இதிலாவது கணக்கு ஒழுங்காகப் போடு", "அப்பா, இனி மறக்காதீர்கள், எழுதி வையுங்கள்." ஒரு பையன் "அவ படிப்பாளா தெரியல" என்று மட்டும் எழுதியிருந்தான். என் நல்ல பேனாவை எடுத்து, அப்படியே எழுதி அனுப்பினேன்.

நேற்று ஒன்று வந்தது. "இடது கைக்காரிக்கு." அவ்வளவுதான். எனக்கு ஒரே சந்தோஷம். என்னை மாதிரி இன்னொரு இடது கைக்காரி எங்கேயோ இருக்கிறாள், அவளுக்கு யாரோ நோட்டு வாங்கித் தருகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு இடது கையாலேயே எழுதினேன். பார்சல் உங்கள் ஊருக்குத்தான், ஒரு பார்சல் அலுவலகத்தில் நேரில் வந்து வாங்கிக்கொள்வார்களாம்.

என் அறையும் இப்போது பார்க்கிற மாதிரி ஆகிவிட்டது. கீழே பேப்பர் கடை, மேலே நான். தாள் வேண்டுமென்றால் மாடியிலிருந்து ஒரு குரல் கொடுத்தால் போதும், கடைக்காரர் "வாத்தியாரம்மா, எத்தனை கட்டு?" என்று கத்துவார். நான் எந்தக் காலத்தில் வாத்தியாரானேனோ! ஜன்னலைத் திறந்தால் பஸ் திரும்புகிற முக்கு, நாள் பூராவும் ஹாரன். கதவுக்குப் பச்சை பெயிண்ட் அடித்தேன். உள்பக்கம் மூன்று தாழ்ப்பாள். மூன்றையும் போடுகிறவளும் நான், திறக்கிறவளும் நான். அது எவ்வளவு பெரிய சுகம் என்று உனக்குச் சொன்னால் புரியாது.

உன் அக்கா


பிப்ரவரி 1

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். எல்லாக் கடிதத்தையும் வரிசையாகக் கட்டி அலமாரியில் வைத்திருக்கிறேன். பின்னால் நீ பெரிய ஆளானதும் காட்டி மிரட்டுவதற்கு.

ஒரு விஷயம். பார்சலைத் தூக்கிக்கொண்டு நீயே கூரியர் கடைக்கு அலைகிறாயே, வீட்டுக்கே வந்து எடுத்துக்கொள்கிற வசதி இருக்கிறது. கடையின் உள்பக்கத்தில் உன் முகவரியை ஒரு கட்டத்தில் போட்டால் போதும். எழுதி அனுப்பினால் நான் ஏற்றிவிடுகிறேன்.

இன்னொன்று. கோபப்படாமல் படி. அத்தானைப் பற்றி நீ ஒரு வார்த்தைகூடக் கேட்பதில்லை. கேட்கவேண்டாம். ஆனால் அக்கா, ஒரு மனுஷன் மாறவே மாட்டானா? தனியாகக் கிடந்து, செய்ததை நினைத்து அழுகிறவன் இருக்கமாட்டானா? பொதுவாகத்தான் கேட்கிறேன்.

ஒட்டகம்


பிப்ரவரி 12

தம்பிக்கு,

முகவரி கிடையாது. அதை எதிலும் போடமாட்டேன். கேட்காதே.

பொதுவாகவும் கேட்காதே. நான் குளித்துவிட்டு வரத் தாமதமானால் கதவுக்கு வெளியே நின்று எண்ணிக்கொண்டிருப்பார். ஒன்று, இரண்டு என்று, சாந்தமாக. அவர் அழவும் செய்வார். அழுது முடித்த கையோடுதான் பூட்டை எடுப்பார். அழுகிறவர்களை எல்லாம் நம்பிவிடுகிற மனசு உனக்கு, அது எனக்குத் தெரியும்.

இப்போது நான் சொல்வதைக் கவனமாகப் படி. அதே பார்சல் அலுவலகத்துக்கு இன்னும் இரண்டு நோட்டு போகவேண்டும் என்று வந்திருக்கிறது. வாங்குபவர் பெயர் ஒவ்வொரு தடவையும் வேறு. இரண்டாவதில் இப்படி எழுதச் சொல்லியிருந்தது: "தாள் வேண்டுமென்றால் குரல் கொடுப்பவளுக்கு." எனக்கு என்னவோ போல இருந்தது. தாள் வாங்குகிற யாரோ என்று சமாதானம் சொல்லிக்கொண்டு எழுதி அனுப்பினேன். மூன்றாவது நேற்று வந்தது.

"பச்சைக் கதவுக்குள் மூன்று தாழ்ப்பாள் போட்டுக்கொள்பவளுக்கு."

தம்பி, எவனோ என் கையாலேயே எனக்கு எழுதச் சொல்கிறான். அந்தக் கட்டத்தை நான்தான் கேட்டு வாங்கினேன். யார் போட்ட ஆர்டர், எந்தக் கணினியிலிருந்து, எல்லாம் உனக்குத்தானே தெரியும்? பார்த்து உடனே எழுது. எனக்குப் பயமாக இருக்கிறது.

அக்கா


பிப்ரவரி 18

அன்புள்ள அக்காவுக்கு,

முதலில் மூச்சு விடு. பார்த்தேன். புதுசு புதுசாகக் கணக்குத் திறந்து போட்ட ஆர்டர்கள், எல்லாம் இந்த ஊர்தான். இந்த ஊரில் எத்தனை லட்சம் பேர்! அதற்கு மேல் ஒன்றும் சொல்லமுடியவில்லை. பச்சைக் கதவு யார் வீட்டில் இல்லை? உன் பேப்பர் கடைக்காரர் யாரிடமாவது "எங்க மாடியில ஒரு வாத்தியாரம்மா" என்று பெருமையடித்திருப்பார். யாராவது விளையாடுகிறார்கள்.

வேண்டுமானால் கட்டத்தை எடுத்துவிடவா? இரண்டு வரியை அழித்தால் போய்விடும். நீ எல்லாவற்றிலும் அவரையே பார்க்கிறாய் அக்கா. அவர் நீ நினைக்கிற மாதிரி உன்னைத் தேடிக்கொண்டு அலையவில்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரியும்.

ஒட்டகம்


பிப்ரவரி 26

அன்புள்ள ஒட்டகத்துக்கு,

நீ சொன்னது சரிதான். தனியாக இருந்து இருந்து எனக்குத்தான் புத்தி எங்கெங்கோ ஓடுகிறது. கட்டம் இருக்கட்டும், எடுக்காதே. மூன்றாவது நோட்டையும் எழுதி அனுப்பிவிட்டேன்.

வேறு செய்தி சொல்கிறேன், சிரி. ஒரு பூனை வந்து சேர்ந்திருக்கிறது. சாம்பல் நிறம், ஒரு காது கிழிந்திருக்கிறது. நான் வேலை செய்யும்போது எதிரே உட்கார்ந்து, தைப்பது கோணலாகப் போகிறதா என்று வேவு பார்க்கிறது. நூலை இழுத்தால் ஒரு முறைப்பு. அதனால் "மேஸ்திரி" என்று பெயர் வைத்திருக்கிறேன். ராத்திரி என் காலடியில் படுத்துக்கொள்கிறது. துணைக்கு ஓர் உயிர் இருந்தால் எவ்வளவு தைரியம்!

இதை உனக்கு மட்டும்தான் சொல்கிறேன். பேப்பர் கடைக்காரருக்குத் தெரிந்தால் பூனை ஆகாது என்று சண்டைக்கு வருவார்.

உன் அக்கா


மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாடா! என் பழைய அக்கா திரும்பி வந்துவிட்டாள். மேஸ்திரியைப் பற்றிப் படித்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் நண்பர் சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்தார். என்னைக்கூட இத்தனை வருஷம் நீ அப்படித்தான் முறைத்துக்கொண்டிருந்தாய், பூனைக்கு என்ன சம்பளம்?

வெயில் குறைந்ததும் ஒரு தடவை உன்னைப் பார்க்க வரவா? தனியாக வருகிறேன். அல்லது நீ சம்மதித்தால் யாரையாவது கூட்டிக்கொண்டு. சும்மா கேட்டேன்.

ஒட்டகம்


மார்ச் 12

தம்பிக்கு,

இன்று காலையில் ஓர் ஆர்டர் வந்தது. ஒரு நோட்டு. அதே பார்சல் அலுவலகம். முதல் பக்கத்தில் எழுதவேண்டியது:

"போதும், வீட்டுக்கு வா. மேஸ்திரியையும் தூக்கிக்கொண்டு வா."

தம்பி, என்னிடம் பூனை இல்லை. ஒரு நாளும் இருந்ததில்லை. சாம்பல் நிறமும் கிழிந்த காதும் நான் மேசையில் உட்கார்ந்து உனக்காக மட்டும் கட்டிய பொய். அந்தப் பொய் உன் கைக்குப் போயிற்று, உன் வீட்டிலிருந்து எனக்கே திரும்பி வந்திருக்கிறது.

அதை எழுதும்போது இது வராமல் போகவேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் எழுதினேன். பதினைந்து நாள், ஆர்டர் சீட்டைத் திறக்கும்போதெல்லாம் "என் தம்பி இல்லை, என் தம்பி இல்லை" என்று சொல்லிக்கொண்டே திறந்தேன். சின்ன வயசில் நீ பொய் சொன்னால் காது சிவந்துவிடும். அதை வைத்தே உன்னைப் பிடித்துவிடுவேன். கடிதத்தில் காது தெரியவில்லை.

தப்பு என் மேலும் இருக்கிறது. முகவரி தரமாட்டேன் என்று வீறாப்பாகச் சொல்லிவிட்டு, பேப்பர் கடை, பஸ் திரும்புகிற முக்கு, பச்சைக் கதவு என்று நானே வழி எழுதிக் கொடுத்திருக்கிறேன். எழுத ஆள் நீ ஒருவன்தானே இருந்தாய். நல்லதைப் பார்த்தால் உன்னிடம் சொல்லவேண்டும் என்றிருந்தது.

உன் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வந்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும். அழுகைதான் வருகிறது.

இனி இந்தத் தபால்பெட்டிக்கு எழுதாதே, யாரும் எடுக்கமாட்டார்கள். எங்கே போகிறேன், எப்போது போகிறேன் என்று இதில் எழுதப்போவதில்லை. மேசையில் நான்கு நோட்டு எடைக்கல்லுக்குக் கீழே காய்ந்துகொண்டிருக்கிறது. மற்ற சாமானெல்லாம் ஒரே பையில் அடங்கிவிட்டது.

ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். ஏன்? இருபதாம் தேதி வரைக்கும் கடை திறந்திருக்கும், கட்டமும் இருக்கும். நீ கட்டிய கட்டம்தானே. அதில் எழுது. நான் பார்க்கிறேன்.

அக்கா


ஆர்டர் எண் 212
நாள்: மார்ச் 16
வாங்குபவர்: ஒட்டகம்
பொருள்: தைத்த நோட்டு, ஒன்று
நிலை: கடைக்காரர் இன்னும் திறந்து பார்க்கவில்லை
முதல் பக்கத்தில் என்ன எழுதட்டும்?

அக்கா, நான் எதையும் காட்டவில்லை. அத்தான் இரண்டு மாதமாக என் வீட்டில்தான். நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. உன் கடிதக் கட்டு அலமாரியில் இல்லை. அவரும் இல்லை. பையோடு நேற்றுக் காலையே கிளம்பிவிட்டார். நீ அ