கையில் ஒரு மல்லிகைச் சரம்

ஜூன் 14, சனி. கோத்தா திங்கி.

இன்று என் டாட்டூ கடைக்கு வந்த புவனா மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறாள். முப்பது வயதிருக்கும். கணவர் போன வருஷம் விபத்தில் இறந்துவிட்டாராம். மாமியாரைக் காரில் உட்கார வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

வழக்கம்போல் படங்களைக் காட்டி அர்த்தம் சொன்னேன். தாமரை என்றால் மீண்டு எழுவது. ரோஜா என்றால் காதல்.

"மல்லிகைச் சரம் போடுங்கக்கா, மணிக்கட்டுல" என்றாள்.

"அதுக்கு என்ன அர்த்தம்?"

"அர்த்தமெல்லாம் இல்லக்கா. எனக்குப் பூ வைக்கப் பிடிக்கும். இப்ப கல்யாண வீட்டுல யாரும் எனக்குப் பூ தர்றதில்ல. இத யாரும் எடுக்கச் சொல்ல முடியாது லா."

பாதி குத்தியிருந்தபோது மாமியார் கதவைத் திறந்துகொண்டு வந்தார். புவனா கையை இழுத்துக்கொண்டாள். எனக்கும் பயம்தான். அந்த அம்மா அவள் மணிக்கட்டைத் திருப்பி உற்றுப் பார்த்தார்.

"இவ்ளோ தள்ளித் தள்ளியா பூ கட்டுவாங்க? இன்னும் நெருக்கமாப் போடும்மா" என்றார் என்னிடம்.

புவனா அழுதுவிட்டாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து, அவளுடைய இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார். நான் இடையிடையே மொட்டுகள் சேர்த்தேன்.

அவர்கள் காரில் ஏறும்போதுதான் கவனித்தேன். அந்த அம்மாவும் நெற்றியில் திருநீறு மட்டுமே வைத்திருந்தார். கொண்டையில் பூ இல்லை.

உங்களுக்கும் ஒன்று போடவா என்று கேட்டிருக்கலாம். எனக்குத் தோன்றவே இல்லை.